உள்ளே கிடந்த பழசு

ஜெனரேட்டர் ஓடவில்லை என்று ராதிகா போனில் யாரிடமோ சொன்னது ஆபிதாவின் காதில் விழுந்ததுதான் தாமதம், அவளுக்குக் கை கால் ஓடவில்லை. அஜ்மானில் அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்கு அதைவிடக் கெட்ட சேதி இருக்க முடியாது. புதுக் கட்டடம். டெலிபோன் லைன் வந்துவிட்டது, வாசலில் பேரீச்சை மரம்கூட நட்டுவிட்டார்கள், கரண்ட் லைன் மட்டும் வந்தபாடில்லை. எட்டு மாடிக்கும் சேர்த்துப் பின்பக்க மணலில் நிறுத்தியிருந்த டீசல் ஜெனரேட்டர்தான் ராப்பகலாக உறுமிக்கொண்டிருந்தது. அது நின்றால் ஏசி இல்லை, லிஃப்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. ஆகஸ்ட் மாதம் வேறு. கதவைத் திறந்தால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிற புழுக்கம்.

அன்று புதன்கிழமை. துபாயில் டூட்டி முடித்து, அத்தனை வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்து அருள்முருகன் வீட்டைத் திறந்தபோது ஹாலில் கால் வைக்க இடமில்லை. பக்கெட், குண்டான், பிரியாணிச் சட்டி, டீ போடும் பாத்திரம் என்று எல்லாவற்றிலும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே டியூப் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"என்ன லாத்தா, தண்ணிப் பந்தல் வைக்கப் போறீங்களா?" என்றான்.

அந்த ஃபிளாட்டை இரண்டு குடும்பம் பகிர்ந்துகொண்டிருந்தது. பெரிய அறையில் கௌஸ் முகம்மதுவும் அவர் மனைவி ஆபிதாவும். கீழக்கரைக்காரர்கள். கௌஸுக்கு அஜ்மான் சந்தையில் மொபைல் கடை. சின்ன அறையில் அருப்புக்கோட்டை அருள்முருகனும் ராதிகாவும். ஹாலும் அடுப்படியும் பொது. ராதிகா ஆபிதாவை வந்த நாளிலிருந்து அக்கா முறை வைத்து ‘லாத்தா’ என்று கூப்பிட்டு, அதுவே அருளுக்கும் பழகிவிட்டது.

"ஒங்க பொண்டாட்டியக் கேளுங்க தம்பி!" என்றாள் ஆபிதா. "ஜெனரேட்டர் ஓடல, ரெண்டு மணி நேரமாப் பாக்குறேன், ஓடவே மாட்டேங்குதுன்டு போன்ல அழுவுறா. நான் என்னத்தக் கண்டேன்? தண்ணியப் புடிச்சு வச்சேன். ஃப்ரீசர்ல கெடந்த மீனெல்லாம் கெட்டுப் போயிருமேன்டு ஆணம் காச்சிட்டேன். மூணாம் மாடி வரைக்கும் போயிச் சொல்லிட்டு வந்தேன். கடைசில வாட்ச்மேன்ட்டப் போயிச் சத்தம் போட்டா, அந்தப் பட்டாணி என்னை ஏற எறங்கப் பாக்குறான். ‘ஜெனரேட்டர் அச்சா ஹை சிஸ்டர், மாஃபி முஷ்கில்’, ஒரு கொறையும் இல்லங்கிறான். தலைக்கு மேல லைட்டு எரியுது, அது என் கண்ணுல படல பாருங்க!"

"அய்யோ லாத்தா, நான் சொன்னது கம்ப்யூட்டர்ல இருக்கிற ஜெனரேட்டர்" என்று உள்ளேயிருந்து ராதிகா சிரித்தாள்.

"அதுக்கு டீசலு?"

"அதுக்கு டிரைவர்தான் வேணும் லாத்தா. அதான் கிடைக்க மாட்டேங்குது."

சிரிப்பெல்லாம் ஹாலோடு சரி. அறைக்குள் போய்ப் பார்த்தால் அவள் முகம் வாடிக் கிடந்தது. அந்த ஜெனரேட்டர் ஒரு புரோகிராம். டேட்டாபேஸில் இருக்கும் டேபிள்களைப் பார்த்து, அவற்றுக்குத் தேவையான ஜாவா மொழிக் கட்டளைகளை, அதாவது ‘கோடு’களை, தானே எழுதித் தந்துவிடும். புஜைராவில் எண்ணெய் சேமிக்கும் பெரிய பெரிய டாங்குகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்காக, சேதுமாதவன் என்பவர் மேனேஜராக இருக்கும் துபாய் மீடியா சிட்டி ஆபீஸ் ஒரு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தது. அதில் ஒரு பகுதியை ராதிகாவுக்குச் சோதனையாகக் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடித்து அனுப்பினால் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸில் அவள் பார்த்த வேலைக்குப் பிறகு, நாலு வருஷம் கழித்து அவளுக்கென்று ஒரு வேலை, அவள் பெயரில் ஒரு விசா.

"என்னங்க, கொஞ்சம் இதைப் பாருங்களேன்" என்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். "டேட்டாபேஸோட பேசுறதுக்கு டிரைவர் ஃபைல் வேணும்ல. அது காணோங்குது. இந்தா இருக்கு பாருங்க, ஃபோல்டருக்குள்ள. கிளாஸ்பாத்துலயும் எழுதியிருக்கேன். கண்ணு முன்னாடி இருக்கிறதக் காணோம் காணோம்னா நான் என்ன செய்யட்டும்?"

கிளாஸ்பாத் என்பது, ஜாவா தனக்கு வேண்டிய ஃபைல்களை எங்கெங்கே தேட வேண்டும் என்று நாம் வரிசையாக எழுதிக் கொடுப்பது. ராதிகா ஒரு குறையும் இல்லாமல் எழுதியிருந்தாள். அருள்முருகன் திரையில் இருந்த எரரைப் படித்தான். படித்து முடிப்பதற்குள் அவனுக்குத் தெரிந்துபோனது.

அந்த கம்ப்யூட்டர் அவனுடையது. ராதிகா புதுப்பெண்ணாக வந்து இறங்கிய மறுவருஷம், வேறொரு கம்பெனி இன்டர்வியூவுக்காக இதே ஜெனரேட்டரைக் கற்றுக்கொள்ள அவன் முட்டி மோதியிருந்தான். இந்த கிளாஸ்பாத் கழுத்தை அறுத்தது. அங்கே புள்ளி விட்டுப்போகும், இங்கே ஒரு ஃபைல் விட்டுப்போகும். வெறுத்துப்போய், இருந்த ஃபைல் அத்தனையையும் அள்ளி ஜாவாவுக்கு உள்ளேயே இருக்கும் ‘எக்ஸ்ட்’ என்ற ஃபோல்டரில் கொட்டினான். அதில் கொட்டினால் கிளாஸ்பாத்தே எழுத வேண்டாம், ஜாவா முதலில் அங்கேதான் பார்க்கும். அன்றைக்கு ஓடியது. இன்டர்வியூவில் எக்ஸ்ட் ஃபோல்டரில் போட்டேன் என்று சொன்னபோது எதிரே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதோடு ஜாவாவை அவன் தொடவில்லை, கொட்டியதையும் எடுக்கவில்லை.

இப்போது ராதிகா புது ஜெனரேட்டரைக் கூப்பிட்டால், ஜாவா உள்ளே கிடக்கும் அவனுடைய பழைய ஜெனரேட்டரைத்தான் எழுப்புகிறது. உள்ளே கிடப்பதற்கு வெளியே வரிசையில் நிற்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அவன் கொட்டியதில் இருந்ததோ வேறொரு டேட்டாபேஸின் டிரைவர், அதனால்தான் இவளுடைய டிரைவரைக் காணோம் என்கிறது. இவள் வெளியே எத்தனை தடவை திருத்தி எழுதினாலும் காணோம் என்றுதான் சொல்லும். அந்தப் பழசைத் தூக்கி எறிந்தால் அடுத்த நிமிஷம் ஓடும்.

இதைச் சொல்ல அவன் வாயைத் திறந்தான்.

"சேதுமாதவன் சார்ட்ட சொன்னேன்" என்றாள் ராதிகா. "அவர் சொன்னார், மேடம், நீங்க பண்ணிருவீங்க, எனக்கு நம்பிக்கை இருக்குன்னார்."

அருள்முருகன் வாயை மூடிக்கொண்டான்.

சேதுமாதவன் என்ற பெயரைக் கேட்டாலே அவனுக்கு ஆகாது. அவர்மேல் சந்தேகம் கிந்தேகம் எதுவும் இல்லை. மனிதர் நாகர்கோவில்காரர், பேரன் எடுக்கிற வயசு. விஷயம் வேறு. அவருடைய ஆபீஸுக்கு அருள்முருகன் எத்தனையோ தடவை பயோடேட்டா அனுப்பியிருக்கிறான். பதில் வந்ததில்லை. துபாய் அல்கூஸில் ஒரு கான்ட்ராக்டிங் கம்பெனியில் அவன் சிஸ்டம்ஸ் பார்க்கிறான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் இழுக்க வேண்டும். லேபர் கேம்பில் கைரேகை மெஷின் மக்கர் செய்தால் வெயிலில் ஓட வேண்டும். சிமெண்டு அரித்த விரல்களின் ரேகையை மெஷின் எடுக்காது, அதற்கும் திட்டு இவனுக்குத்தான். இதிலிருந்து தப்பித்து ஏசி ரூமில் உட்கார்ந்து கோடு எழுத வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

கௌஸ் முகம்மதுவின் கடைக்கு வாடிக்கையாக வரும் சேதுமாதவன் ஒருநாள் பிரியாணி சாப்பிட வீட்டுக்கு வந்தார். அருள் தன் வேலையைப் பற்றி அவரிடம் வளைத்து வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் தலையாட்டிக்கொண்டே, ஆபீஸில் ஒரு சிக்கல் என்று எதையோ சொன்னார். தயிர்ப் பச்சடி வைக்க வந்த ராதிகா நின்று, "டேபிள்ல ப்ரைமரி கீ இல்லாம இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் கை சோற்றில் நின்றது. "மேடம், நீங்க ஏன் வீட்ல இருக்கீங்க?" என்று கேட்டார். இவனை ஏன் அங்கே இருக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து இவனுக்கு மனைவியைப் பார்த்தால் பொறாமை. வெளியே சொல்ல முடியாத பொறாமை. அவள் கீபோர்டில் தட்டுகிற வேகம் பொறுக்கவில்லை. போனில் அவள் இங்கிலீஷ் பேசினால் பொறுக்கவில்லை. முன்னெல்லாம் பேங்க் எந்தப் பக்கம், பஸ் எங்கே நிற்கும் என்று எதற்கெடுத்தாலும் இவனைக் கேட்டவள், இப்போது இவன் கேட்காததையும் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அவள் நல்லவள் என்பதும் பொறுக்கவில்லை.

"என்ன, ஏதாவது தெரியுதா?" என்று ராதிகா தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"உன் கிளாஸ்பாத்தே சரியில்லை. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லருந்து அடி" என்று சொல்லிவிட்டு எழுந்து குளிக்கப் போனான். டாங்கில் கொதித்த தண்ணீர் குழாயில் வந்தது. ஆபிதா பிடித்து வைத்திருந்த பக்கெட் ஒன்றை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் திரும்பியபோது ராதிகா காலையில் போட்ட நைட்டியை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு ஃபைலாகத் திரும்ப அடித்திருக்கிறாள். ஃபோல்டர் பெயரைச் சின்னதாக்கியிருக்கிறாள். இடைவெளி இருந்த இடமெல்லாம் எடுத்திருக்கிறாள். காணோம் என்றதையே அது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

"எனக்கு எல்லாம் மறந்துபோச்சு போலங்க" என்றாள். கண் சிவந்திருந்தது. "மெட்ராஸ்ல இதெல்லாம் நான் புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துருக்கேன். இப்பப் பாருங்க, ஒரு பாத் எழுதத் தெரியல. அவ்வளவுதான்போல, நான்."

அவனுக்குப் பாவமாக இருந்தது. பாவத்துக்கு அடியில், யாரோ நெஞ்சில் ஐஸ் வைத்ததுபோல ஒரு சுகமும் இருந்தது.

"நாலு வருஷ கேப்புன்னா சும்மாவா? இதெல்லாம் டச் விட்டா வராது" என்றான். குரலை எவ்வளவு ஆதரவாக வைக்க முடியுமோ அவ்வளவு ஆதரவாக வைத்துக்கொண்டான். "விடு. இதில்லன்னா குடியா முழுகிப் போயிரும்? நான் இல்லையா?"

"அதுக்கில்லங்க."

"எதுக்கில்ல?"

"நீங்க இருக்கீங்க. எனக்குத்தான், நான் இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீ போடட்டா?" என்று எழுந்தாள்.

அவள் அடுப்படியில் இருந்த நேரத்தில் அருள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். எக்ஸ்ட் ஃபோல்டரைத் திறந்தான். பழசெல்லாம் அங்கேதான் கிடந்தது. டெலிட் அடித்தால் தீர்ந்தது. விரலை மேலே வைத்துக்கொண்டே யோசித்தான். இப்போது அழித்தால் ஓடிவிடும். தானே சரிசெய்ததாக அவள் நினைப்பாள். சேதுமாதவன் சபாஷ் மேடம் என்பார். சொல்லிவிட்டு அழித்தாலோ, உன் புருஷன் இன்டர்வியூவில் தோற்றுப்போன குப்பைதான் உன் காலை வாரியது என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். இரண்டும் பிடிக்கவில்லை. ஃபோல்டரை மூடிவிட்டு டீக்குக் காத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கௌஸ் முகம்மது வந்ததும் நாலு பேரும் ஹாலில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். தரையில் சாப்பாட்டு விரிப்பான சுப்ராவை விரித்து ஆபிதா தேங்காய்ச் சோறும் சீலா மீன் ஆணமும் எடுத்து வைத்தாள். வெள்ளிக்கிழமை மீன் தொடாத ராதிகாவுக்குக் கத்திரிக்காய்ப் பச்சடி. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"என்னா புள்ள, பசியாறவும் இல்ல காலைல. சோறும் எறங்கலியா?" என்றாள் ஆபிதா.

"சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும் லாத்தா. இல்லாட்டி பெங்களூர்ல ஒரு பையன்ட்ட கொடுத்துருவாங்களாம். நாளைக்கு அவுங்க புஜைரா போறாங்க."

"இன்னும் அந்த டிரைவர் கெடைக்கலியா?" என்றார் கௌஸ். "நம்ம கடைல ஒரு மலபாரி இருக்கான், பிக்கப் நல்லா ஓட்டுவான். அனுப்பவா?"

ராதிகா சிரித்துவிட்டாள். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்து அருளுக்கு மனசு இளகியது. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எல்லோரும் இருக்கும்போது, விளையாட்டுப் பேச்சுபோல, அடடா, நான் பழைய ஃபைல் எதையோ போட்டு வச்சிருப்பேன் என்று இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல சொல்லிவிட்டால் ஆச்சு. மீன் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"தம்பி, இப்பவே சொல்லிட்டேன்" என்றார் கௌஸ் முகம்மது. "ராதிகா வேலைக்குப் போனா, அடுத்த வருஷம் அதுக்கு லைசென்சு. புதுக் காரு. ஒங்கள அல்கூஸ்ல எறக்கி விட்டுட்டு அது மீடியா சிட்டிக்குப் போவும். நீங்க பின்னாடி சீட்ல டிபன் பாக்ஸோட ஒக்காந்து போகலாம். ராஜா மாரி!"

"சும்மா இருங்க. சோத்துல ஒக்காந்துக்கிட்டு" என்று ஆபிதா அதட்டினாள். மனுஷன் வெள்ளந்தியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ராதிகாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அருளும் சிரித்தான். பிறகு ஆணத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு, "தூங்கப் போறேன்" என்றான்.

"ஒரு தடவை வந்து பாருங்களேன், தூங்குறதுக்கு முன்னாடி. உங்களுக்கு ஏதாவது தோணும்" என்றாள் ராதிகா.

"பழைய வெர்ஷன், புது வெர்ஷன் ஏதாவது கலந்து கிடக்குதான்னு பாரு" என்று பாயில் படுத்தபடி பொதுவாகச் சொன்னான். எல்லாரும் சொல்கிற பேச்சுதான் அது. நானும் உதவத்தான் செய்தேன் என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அது போதும் என்று நினைத்தான். சுவர்ப் பக்கம் திரும்பினான். கீழே ஜெனரேட்டர் சத்தமும் மேலே கீபோர்டு சத்தமும் கேட்டபடி தூங்கிப்போனான்.

போன் சத்தத்தில் விழித்தபோது வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் ராதிகா இல்லை. அடுப்படியிலிருந்து எண்ணெய் காயும் வாசனை வந்தது. மேஜையில் இருந்த அவளுடைய போனை எட்டி எடுத்தான். சேதுமாதவன்.

சரி, வேலை போச்சு என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற குரலை முன்கூட்டியே வரவழைத்துக்கொண்டான்.

"சார், அருள்முருகன் பேசுறேன். ராதிகா அடுப்படில இருக்கா."

"நீங்கதானா! உங்ககிட்டதான் பேசணும்னு இருந்தேன். ஃபைலெல்லாம் மூணு மணிக்கே வந்துட்டு. ஓட்டிப் பாத்தாச்சு. ஒரு டேபிள் விடாம கோடு ஜோரா வந்துருக்கு. மேடத்துக்கு வேலை உறுதின்னு சொல்லிடுங்க. ஞாயித்துக்கிழமை பாஸ்போர்ட் காப்பியோட வரட்டும்."

அருள்முருகன் எழுந்து உட்கார்ந்தான். அவன் இல்லாமலேயே ஓடிவிட்டது.

"மேடம் மெயில்ல ஒண்ணு எழுதியிருக்காங்க" என்றார் சேதுமாதவன். "ஒவ்வொரு கிளாஸும் எந்த ஃபைல்லேருந்து வருதுன்னு பிரிண்ட் பண்ணிப் பாத்தாங்களாம். ‘அப்படிப் பாக்கணும்னே எனக்குத் தோணல, பழைய வெர்ஷனைத் தேடுன்னு என் ஹஸ்பண்ட்தான் வழி சொன்னார், இது அவர் கண்டுபிடிச்சது’ன்னு எழுதியிருக்காங்க. எங்க பசங்களும் இதே மாதிரி முட்டிக்கிட்டு நிக்கிறானுங்க சார். நீங்க எப்படிப் பிடிச்சீங்க?"

எத்தனையோ பயோடேட்டாவுக்குப் பதில் சொல்லாத மனிதர் அவனை சார் என்றார். எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார். அருள்முருகனுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. இரண்டு நாள் புகைச்சலும் ஒரே மூச்சில் அணைந்துபோனது. ராதிகா தன் பெயரை ஏன் எழுதினாள் என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு அறையில் நடக்க ஆரம்பித்தான்.

"அது ஒண்ணுமில்ல சார். எல்லாரும் கிளாஸ்பாத்தையே நோண்டுவாங்க. பிரச்சினை அங்க இருக்காது. ஜாவாக்குள்ள எக்ஸ்ட்னு ஒரு ஃபோல்டர் இருக்கு பாருங்க, அதுல எவனாவது பழைய ஜெனரேட்டரப் போட்டு வச்சிருந்தா அதுதான் முந்திக்கும். அதுக்கு வெளியில இருக்கிற டிரைவர் தெரியாது."

"அடடா."

"பாக்குறவங்க டிரைவர் இல்லன்னு நெனச்சு ரெண்டு நாள் மூணு நாள்னு அலைவாங்க. அனுபவம் வேணும் சார் இதுக்கெல்லாம்."

"மேடமே ரெண்டு நாளா கஷ்டப்பட்டாங்களே. நேத்து எனக்குப் போன் பண்ணி, சார், எனக்கு வரல, வேற யாருக்காவது கொடுத்துருங்கன்னு அழுதாங்க. நான்தான் இன்னும் ஒரு நாள் பாருங்கன்னேன். உங்களுக்கு எப்போ சார் தெரிஞ்சுது?"

"எனக்கா?" அருள்முருகன் சிரித்தான். சேதுமாதவனும் அவருடைய ஆபீஸ் மொத்தமும் எதிரே உட்கார்ந்து கேட்பதுபோல அவனுக்கு இருந்தது. "எரரப் பாத்த அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு சார். படிச்சு முடிக்கக்கூட இல்ல."

சொல்லிக்கொண்டே திரும்பினான்.

வாசலில் ராதிகா நின்றாள். ஒரு கையில் தட்டு, தட்டில் இனிப்புப் பணியாரம். அவன் எப்போதோ ஊரில் சாப்பிட்டதைச் சொல்லி ஏங்கியது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. நல்ல சேதியைத் தானே சொல்லி எழுப்பலாம் என்று வந்தவளின் சிரிப்பு. அது இறங்குவதை அவன் பார்த்தான்.

"நீங்க மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "போட்டதே ஞாபகம் இருக்காது, பாவம், தெரிஞ்சா வருத்தப்படுவீங்கன்னு உங்க பேர எழுதுனேன்."

"ராதிகா, அது வந்து..."

"புதன்கிழமையே தெரியுமா?"

போனில் சேதுமாதவன் ஹலோ ஹலோ என்றார். அருள்முருகன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்திருந்தான்.

"இந்த நாற்காலில உக்காந்து அழுதேனே. நான் அவ்வளவுதான்போலன்னு உங்ககிட்டதானே சொன்னேன்" என்றாள் ராதிகா. "அப்பவும் தெரியுமா?"